பேய்க்கொம்மட்டிக்குக் கிடைத்த பெரும்பான்மை

மருத்துவ வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம். மருந்தின் அளவை மருத்துவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு முடிவுசெய்துகொண்டிருந்த இருண்ட காலம் ஒன்று. அந்த அதிகாரம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு, கைதூக்கும் வாக்கெடுப்பிடம் ஒப்படைக்கப்பட்ட பொற்காலம் மற்றொன்று. பொற்காலம் 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பதினைந்து நிமிடத்துக்கு, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் திரு. குலசிங்கம் அவர்கள். அவர் எழுதிவைத்திருக்கிறார்.

குலசிங்கத்தின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். குலசிங்கம் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளார்க்காக இருந்தார். வெள்ளைக்காரத் துரைமார் கூட்டங்களில் பேசியதையும், பேச மறந்ததையும், பேசியிருக்க வேண்டியதையும் கோவையாகக் குறிப்பெழுதிக் கொடுப்பது அவர் வேலை. கீழே வேறொருவர் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறிப்பிலும் குலசிங்கம் என்ற பெயர் வந்ததில்லை.

ஆகவே, ‘சிராங்கூன் வட்டார மூலிகை மறுமலர்ச்சி மன்றம்’ அவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் வாழ்க்கையே மாறிப்போனது. முதல் கூட்டத்தின் குறிப்பை எழுதி முடித்து, அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, மை உலரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

மன்றம் எப்படித் தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மளிகைக்கடை முதலாளி தங்கராஜு, கடை வியாபாரத்துக்காக அரபுத் தெரு வியாபாரி ஒருவரிடம் பேரீச்சம்பழம் சொல்லிவைத்திருந்தார். வந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்தால், உள்ளே பேரீச்சம்பழம் இல்லை. ஆரஞ்சுப் பழ அளவில், காற்றாட உலர்ந்து, தூக்கினால் கனமே தெரியாத மஞ்சள் காய்கள். ஏடனிலிருந்து வந்த கப்பலில் மூட்டை மாறியிருந்தது. வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தக் கப்பல் மாலுமி ஒருவன் காயைப் பார்த்ததும், இது பாலைவனத்து மணலில் கொடியாக ஓடுவது, எங்கள் ஊர் ஒட்டகம்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் என்றான். ஒட்டகம் விட்டுவைத்திருக்கிறது என்றால் அது மனிதனுக்கென்றே படைக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கராஜு முடிவுக்கு வந்தார். ஒரு மூட்டைக் காய் கையிலிருக்கிறது, அதற்கொரு மன்றம் வேண்டாமா? பதினொரு பேர் சேர்ந்தார்கள். தங்கராஜு தலைவர். அவர் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த மருதப்பன் பொருளாளர்.

காயின் பெயர் பேய்க்கொம்மட்டி என்று கேம்பல் லேனிலிருந்த நாட்டு வைத்தியர் சொன்னார். நம்மூர் வறண்ட சீமைகளிலும் மணற்காட்டில் கிடப்பதுதானாம். வயிற்றில் கட்டிய கெட்ட நீரை இறக்கும், மூட்டு வீக்கத்தை வாங்கும், நாட்பட்ட மலச்சிக்கலை உடைக்கும் என்று அவர் சொன்னதையெல்லாம் குலசிங்கம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அளவு கேட்டதற்கு, உள்ளே இருக்கும் சதையில் அரை மிளகளவு, அதையும் பக்குவப்படுத்தி, ஆளைப் பார்த்து, நாடியைப் பார்த்து, தன் கையால்தான் கொடுப்பேன் என்றார் வைத்தியர். மிஞ்சினால் குடலைப் பிடுங்கிவிடும் என்றும் சொன்னார்.

வைத்தியரின் இந்தப் போக்கு மன்றத்துக்கு அதிர்ச்சியளித்தது. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டுப் போடுவது கட்டாயம் என்று சட்டம் வந்து, ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தது. அந்தச் சூடு இன்னும் யாருக்கும் ஆறவில்லை. தேக்கா சந்தையில் மீன்காரர்கள்கூடக் கடையை எத்தனை மணிக்குக் கட்டுவது என்று கைதூக்கி முடிவுசெய்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு தனிமனிதர், அரை மிளகு என்று தன்னிச்சையாகச் சொல்வது எதேச்சதிகாரம் அல்லவா? வைத்தியரின் கருத்து ‘ஒருவருடைய சொந்த அபிப்பிராயம்’ என்று குறிப்பில் பதிவாகியது.

முதலில் பெயர். ‘பேய்’ என்ற சொல் மன்றத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று மருதப்பன் முன்மொழிந்தார். ‘பாலை அமுது’ என்ற பெயர் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த ஒன்று துரைசாமி.

துரைசாமி பஸ் கண்டக்டர். காயைப் பற்றி ஏதும் தெரியாது என்றாலும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கோப்பியும் வடையும் கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தவர். எதையும் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாத சுபாவம்.

அடுத்தது அளவு. காயை இடித்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் ஒரு முழு டம்ளர் என்றார் தலைவர். அரை டம்ளர் என்று பணிவாகத் திருத்தம் கொண்டுவந்தார் பொருளாளர். ஒன்றும் வேண்டாம், சைபர் என்றார் துரைசாமி. விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. இரு தரப்பையும் திருப்திப்படுத்திவிட்டு மூன்றாமவரை ஒதுக்குவது சிறுபான்மையோர் உரிமைக்கு விரோதம் என்று குலசிங்கம் சுட்டிக்காட்டினார். ஆகவே முழு டம்ளர், அரை டம்ளர், துரைசாமியின் சைபர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். மணி பத்தேகால் அடிக்கும்போது அரை டம்ளர் வந்தது. தன் கருத்தும் அதில் அடங்கியிருப்பதாகச் சொல்லித் துரைசாமியிடம் எல்லாரும் கைகுலுக்கினார்கள்.

யார் குடிப்பது என்ற கேள்விதான் பாக்கி. மருந்தில் முன்கூட்டியே நம்பிக்கை வைத்துவிட்டவர் குடித்தால் பரிசோதனை பக்கச்சார்பாகிவிடும் என்றார் தலைவர். நம்பிக்கை இல்லாதவர் மன்றத்திலேயே ஒருவர்தான் இருந்தார். வாக்கெடுப்பு பத்துக்கு ஒன்று.

துரைசாமி டம்ளரையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். “எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க. நான் மட்டும் மாட்டேன்னா நல்லா இருக்காதுலா” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒட்டகங்களின் பேரில் தனக்கு முதல்முறையாக மரியாதை வந்ததாக அவர் பின்னால் சொன்னார்.

பலன் முக்கால் மணி நேரத்தில் தொடங்கியது. குலசிங்கம் கையோடு மன்றத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், கக்கூஸுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போனது 11.05, வந்தது 11.11. போனது 11.14, வந்தது 11.19. பத்தாவது வரியில் துரைசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாவதில் ரத்தம் போகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். அதற்குத் தனிக் கட்டம் இல்லாததால் குலசிங்கம் ஓரத்தில் எழுதினார். பதினான்காவது வரியில் ‘போனது 12.40’ என்று இருக்கிறது. ‘வந்தது’ கட்டம் காலியாக இருக்கிறது. கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

டிரைஷா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். குடல் புண்ணாகி, உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் நீங்கள் வந்திருக்க வேண்டிய இடமே வேறு என்று டாக்டர் குலசிங்கத்தைப் பிடித்து உலுக்கிச் சொன்னார். இதைக் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று குலசிங்கம் பணிவுடன் கேட்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எழுத்தில் தரப்படாத ஒன்றைக் குறிப்பில் சேர்ப்பது எப்படி? குலசிங்கம் நேர்மையானவர். நடக்காத எதையும் அவர் எழுதியதில்லை. இரண்டாம் கூட்டத்தில் அவர் வாசித்த அறிக்கையில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. “உறுப்பினர் திரு. துரைசாமி பாலை அமுதினை அருந்தினார். உறுப்பினர் திரு. துரைசாமி நலமுடன் வீடு திரும்பினார்.” இரண்டும் சத்தியமான உண்மை. இரண்டுக்கும் நடுவில் நடந்தது, கூட்டம் கலைந்தபிறகு, கூட்டம் நடக்காத இடத்தில் நடந்தது. மன்றம் கைதட்டியது. தலைவர் தங்கராஜு இதை ‘மகத்தான வெற்றி’ என்று வர்ணித்தார். துரைசாமிக்கு மருத்துவச் சீட்டில் இன்னும் பத்து நாள் ஓய்வு பாக்கியிருந்ததால் அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் பொருளாளர் மருதப்பன் எழுந்து, தன் மனைவி பாக்கியலட்சுமிக்குக் காலிரண்டும் வீங்கியிருக்கிறது, ஒரு வாரமாக வயிறும் இளகவில்லை, பாலை அமுது தரலாமா என்று கேட்டார். கெட்ட நீர்தான், சந்தேகமே இல்லை என்றார் தலைவர். பாக்கியலட்சுமி ஐந்து மாதக் கர்ப்பிணி என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தங்கிய கரு. வீரமாகாளியம்மன் கோயிலில் அவள் போட்ட பிரதட்சிணத்தைத் தேக்காவே பார்த்திருக்கிறது. ஆனால் அது ‘சொந்த விஷயம்’ என்பதால் யாரும் கூட்டத்தில் எழுப்பவில்லை. முதலாளி சொல்லும்போது மருதப்பனும் மறுத்துப் பேசிப் பழகியவரல்லர். இரண்டாம் பரிசோதனை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஏகமனதாக முடிவாயிற்று.

குலசிங்கத்தின் மனைவி மனோரஞ்சிதம் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாக்கியலட்சுமி மாதாமாதம் அவளிடம்தான் வந்து காட்டிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது குலசிங்கம் கூட்டத்தின் முடிவைப் பெருமையோடு வாசித்துக் காட்டினார். மனோரஞ்சிதம் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன விசரே? அதைக் குடிச்சால் வயிறு மட்டுமில்லை, கர்ப்பப்பையும் சேர்த்துப் பிடிச்சு இறுக்கும். பிள்ளை தங்காது. தாய் தப்பிறதும் நிச்சயமில்லை.”

மனைவி சொன்னது சரி என்று குலசிங்கத்துக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பின்கட்டில் துரைசாமியைத் தூக்கியபோது அவர் உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்பது அவர் கைக்கு இன்னும் நினைவிருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“நீர் சொல்லுறது முழுக்கச் சரி” என்றார். “ஆனால் வாயால சொன்னதை நான் எப்பிடிக் கூட்டத்தில வைக்கிறது? எழுதித் தாரும்.”

அவள் அங்கேயே நாலு வரி எழுதி நீட்டினாள். குலசிங்கம் கையை இழுத்துக்கொண்டார். கையில் கொடுப்பது கடிதமாகாது, துண்டுச் சீட்டாகும், செயலாளர் என்று விலாசமிட்டுத் தபாலில் வர வேண்டும் என்று விளக்கினார். மனோரஞ்சிதம் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்கப் பொழுதில்லை. உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை அவளே வாங்கி மேசைமேல் வைத்தாள். குலசிங்கம் வேலையிலிருந்து வந்து, உறையைக் கத்தியால் பிரித்து, வாசித்து, வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு அதே மேசையில், அவள் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, பதில் எழுதினார். “அன்புடைய அம்மையீர், தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். பொதுநலனில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி. தங்கள் கடிதம் வரும் ஞாயிறு கூட்டத்தில் ஏழாம் அலுவலாகப் பார்வைக்கு வைக்கப்படும்.” முறைப்படி நிகழ்ச்சிநிரலின் பிரதி ஒன்றையும் இணைத்தார். பதிலைத் தபாலில்தான் போட்டார்.

வெள்ளிக்கிழமை அது மனோரஞ்சிதத்துக்கு வந்து சேர்ந்தது. கடிதத்தை அவள் சரியாகப் படிக்கவில்லை. நிகழ்ச்சிநிரலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். அலுவல் மூன்று: திருமதி பாக்கியலட்சுமி பாலை அமுது அருந்துதல். அலுவல் ஏழு: வந்த கடிதங்கள்.

கடிதத்தை வாசித்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று அதுவரை நம்பியிருந்தவள், உடனே மருதப்பன் வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் பாக்கியலட்சுமி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பத்தியம் காக்க வேண்டுமென்று தலைவர் அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போயிருந்தார். அங்கே போனதற்கு, மருந்து சம்பந்தமான விசாரணைகள் செயலாளர் மூலமாக வரவேண்டும் என்று வாசலிலேயே பதில் கிடைத்தது. செயலாளரிடம் வந்து சொன்னாள். செயலாளர் அவளுடைய கடிதம் ஏற்கெனவே பரிசீலனையில் இருப்பதை நினைவூட்டினார்.

ஓய்வு இன்னும் மூன்று நாள் பாக்கியிருந்தும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் துரைசாமி வந்திருந்தார். சட்டை அவர் உடம்பில் கொடியில் காயப்போட்டதைப் போல் தொங்கியது. மாடிப்படி ஏறியதற்கே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கதவோரப் பெஞ்சில் பாக்கியலட்சுமி, முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் முக்காலியில் அரை டம்ளர் இருந்தது. மருதப்பன் அவள் பக்கம் திரும்பாமல் வரவேற்புரை ஆற்றினார்.

மூன்றாம் அலுவல் வந்தது. துரைசாமி எழுந்தார்.

“நான் பொழச்சு வந்தது ஆஸ்பத்திரியில ஏத்துன தண்ணியில. இந்தக் காயி என்னைக் கொன்னுருக்கும். அந்தப் பொண்ணுக்கு வேணாம்.”

தலைவர் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இது தீர்மானமா, திருத்தமா, விளக்கம் கோரலா என்று விசாரித்தார். உண்மைங்க என்றார் துரைசாமி. உண்மை என்ற தலைப்பில் நிகழ்ச்சிநிரலில் எதுவும் இல்லை என்பதைச் செயலாளர் ஏட்டைப் புரட்டி உறுதிசெய்தார். வேண்டுமானால் தீர்மானமாகக் கொண்டுவரலாம், அதற்குத் தடையில்லை என்று தலைவர் சலுகை காட்டினார். பாலை அமுது ஆபத்தானது, யாருக்கும் தரக்கூடாது என்று துரைசாமி திக்கித் திக்கி முன்மொழிந்தார்.

வழிமொழிய யாரேனும் உண்டா என்று தலைவர் கேட்டார். விதிப்படி மூன்றுமுறை கேட்க வேண்டும்.

ஒரே ஒரு குரல் போதும். தீர்மானம் விவாதத்துக்கு வந்துவிடும். விவாதம் வந்தால் கடிதம் வந்துவிடும். கடிதம் குலசிங்கத்தின் கோப்பில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல்முறை கேட்டபோது அவர் தேதி எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டபோது பேனாவை உதறினார். மூன்றாம் முறை கேட்டபோது துரைசாமி நேராக அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெட்கத்தில் குலசிங்கத்துக்குக் காது சுட்டது. ஆனால் குறிப்பெடுக்கிறவர் குறுக்கே பேசினால் குறிப்பை யார் எடுப்பது? குனிந்து, தெளிவான கையெழுத்தில், ‘வழிமொழிவார் இல்லாமையால் தீர்மானம் கைவிடப்பட்டது’ என்று எழுதினார்.

பாக்கியலட்சுமியிடம் டம்ளர் நீட்டப்பட்டது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து பார்த்தாள். மருதப்பனை நிமிர்ந்து பார்த்தாள். “குடிச்சா புள்ளைக்கு நல்லதுதானேங்க?” என்றாள். மருதப்பன் தலைவரைப் பார்த்தார்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மனோரஞ்சிதம் டியூட்டியிலிருந்து அரைமணி அனுமதி கேட்டுக்கொண்டு, வெள்ளை யூனிபாரமும் தொப்பியுமாக வந்து நின்றாள். அலுவல் மூன்று எத்தனை மணிக்கு வரும் என்பதை அவள் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தே கணக்குப் பண்ணியிருந்தாள். பார்வையாளர்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்று தலைவர் தொடங்குவதற்குள், டம்ளரைப் பாக்கியலட்சுமியின் கையிலிருந்து வாங்கிவிட்டாள். வாங்கியதைத் தலைவரின் முன்னால் வைத்தாள்.

“நல்ல மருந்தெண்டால் நீங்கள் குடியுங்கோ, ஐயா. நாங்கள் இருந்து பாக்கிறம்.”

தங்கராஜு டம்ளரைப் பார்த்தார். நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லையென்றும், ஆனால் மூன்றாம் அலுவலில் தன் பெயர் இல்லையென்றும் சொன்னார். மனோரஞ்சிதம் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டு அங்கணத்தில் ஊற்றினாள். அடுப்பிலிருந்த கஷாயச் சட்டியையும் கவிழ்த்தாள். திரும்பி வந்து பாக்கியலட்சுமியின் கையைப் பிடித்து எழுப்பி, வா பிள்ளை, கால் வீக்கத்துக்கு டாக்டரிட்டைப் போவம் என்று கூட்டிக்கொண்டு படியிறங்கினாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. துரைசாமியும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

இப்படியொரு நிலைமைக்கு விதிகளில் வழி சொல்லப்படவில்லை. ஆனால் மன்றம் தளர்ந்துவிடவில்லை. தலைவர் அவசரத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். மன்றத்தின் உடைமையான மருந்தைக் கொட்டியதற்காகவும், நிகழ்ச்சிநிரலுக்குப் புறம்பாக, உறுப்பினர் அல்லாத நிலையில், முன் அனுமதியின்றி இரண்டு உயிர்களின் விஷயத்தில் தலையிட்டதற்காகவும், திருமதி மனோரஞ்சிதம் குலசிங்கத்தை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது.

வழிமொழிய யாரேனும் உண்டா?

யாரும் வாய் திறக்கவில்லை. செயலாளரின் மனைவி, நாளைக்குத் தெருவில் பார்த்துக்கொள்ள வேண்டிய முகம். மருதப்பனோ படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், மனைவி போன வழியில் போவதா, முதலாளி இருக்கும் இடத்தில் இருப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. வழிமொழிவார் இல்லாவிட்டால் இதுவும் கைவிடப்படும். தலைவர் இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு எல்லாருடைய கண்களும் ஒவ்வொன்றாகச் செயலாளரின் பக்கம் திரும்பின. இவருக்குத் தெரிந்துதான் அந்த அம்மாள் வந்தாளோ? இவர்தான் அனுப்பினாரோ? இனி இவர் எழுதும் குறிப்பை எப்படி நம்புவது? யாரும் இதைச் சொல்லவில்லை. குலசிங்கத்துக்குக் கேட்டது.

மூன்றாம் முறை கேட்டபோது குலசிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். வலது கை மேலே போயிற்று.

மாடி அதிரக் கைதட்டினார்கள். சொந்த மனைவி என்றும் பாராமல் கடமையைச் செய்தவர் என்று தலைவர் அவருக்குத் தன் கையால் துண்டு போர்த்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன்பின் கூட்டம் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்து, நாலு, ஐந்து, ஆறு என்று உரிய வரிசையில் ஏழாம் அலுவலை அடைந்தது. மனோரஞ்சிதத்தின் கடிதத்தைக் குலசிங்கம் எழுந்து நின்று வாசித்தார். கர்ப்பிணிகளுக்குப் பேய்க்கொம்மட்டி தரலாகாது என்பது மிகப் பயனுள்ள எச்சரிக்கை என்று மன்றம் கருதியது. எழுதிய அம்மையாருக்கு நன்றி தெரிவிக்கத் தீர்மானிக்கப்பட்டது.

புதன்கிழமை மத்தியானம் மனோரஞ்சிதத்துக்கு ஒரே உறையில் இரண்டு தாள் வந்தன. பாக்கியலட்சுமிக்கு ஆபத்தில்லை, உப்பைக் குறைத்துக் காலை நீட்டிப் படுத்திருந்தால் வீக்கம் வடிந்துவிடும், பிள்ளையின் நாடி நன்றாக அடிக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்த மகிழ்ச்சியில் அவள் இருந்தாள். சாயந்தரம் குலசிங்கம் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும், அந்த இரண்டு தாளையும் அவர் இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

முதல் தாளில் எச்சரித்ததற்கு நன்றி இருந்தது. இரண்டாம் தாளில் அந்த எச்சரிக்கைப்படி நடந்ததற்குக் கண்டனம் இருந்தது. இரண்டின் அடியிலும் குலசிங்கம் என்று அழகான கையெழுத்து.

அவள் கோபப்படவில்லை. இரண்டாம் தாளை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

“முன்மொழிஞ்சது தங்கராஜு. அது தெரியும். ஆர் வழிமொழிஞ்சது?”

தலைவர் எத்தனை மணிக்குத் தும்மினார் என்பது முதல், மருதப்பன் எந்த வார்த்தையில் திக்கினார் என்பது வரை, அன்றைய கூட்டத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர் குலசிங்கம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஞாபகமில்லை” என்றார்.